பீரோவின் நிழல்

உங்கள் அறையில் ரூட்டரை வைத்திருக்கும் இடம் சரியில்லை. குறை சொல்வதாக எண்ண வேண்டாம். கோப்புகள் அடுக்கிய இரும்பு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் அதைச் செருகி வைத்திருக்கிறீர்கள். மூலை மேசையில் தட்டச்சு செய்யும் பெண் கைபேசியை ஏந்திக்கொண்டு அடிக்கொரு தரம் ஜன்னலோரம் போய்வருவது அதனால்தான். அலமாரியின் பின்னாலிருந்து எடுத்து, திறந்த இடத்தில், மார்பளவு உயரத்தில் வையுங்கள். அறை முழுவதும் இணைப்பு சீராகக் கிடைக்கும். இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. நான் உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பதே அந்த அனுபவத்தினால்தான்.

என் மனைவி எப்படி இறந்தாள் என்று கேட்டீர்கள். நுரையீரல் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தது பிழையான விடையன்று. ஆனால் நீங்கள் கேட்பது வேறு. அதை முறையாகச் சொல்கிறேன். சென்ற முறை சொன்னதில் சில இடங்களைத் திருத்தவும் வேண்டியிருக்கிறது.

திருத்துவதுதான் என் தொழில். பழைய துதிப்பாடல்களை அச்சிடும் பதிப்பகமொன்றில் மெய்ப்புப் பார்த்தவன் நான். மனமுருகிப் பாடிய ஒருவர் இட்ட சொல், ஏடெழுதியவர் கையிலும் அச்சுக் கோத்தவர் கையிலும் இடம் பெயர்ந்து கிடக்கும். அதை எடுத்து, அது இருந்த இடத்திலேயே மீண்டும் இருத்துவேன். அந்த வேலையில் கிடைக்கும் அமைதியை வழிபாட்டில்கூட நான் அடைந்ததில்லை. மனைவிக்கு மூச்சுநோய் முற்றியபோது அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தேன். யாரும் என்னை விடச் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுடைய அறை வீட்டின் பின்கட்டில் இருந்தது. கட்டிலருகே பிராணவாயு இயந்திரம். மூச்சு முட்டும்போது அவள் கை நடுங்கும். முகமூடியை மாட்டவும் குமிழைத் திருகவும் அவளால் இயலாது. மற்றொருவர்தான் செய்ய வேண்டும். நான் செய்தேன். நள்ளென்ற பொழுதிலும் உச்சிவெயிலிலும் செய்தேன். அவளுடைய மூச்சை நான்தான் எடுத்து அவள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்றால் மிகையாகாது. அதற்காகச் சில ஒழுங்குகளையும் வகுத்திருந்தேன். தூசி வருமென்பதால் ஜன்னல்கள் சாத்தியிருக்கும். வருகிறவர்கள் நண்பகலுக்குப் பின்னரே வரலாம். சிரித்தால் இருமல் வரும் என்பதால் வேடிக்கைப் பேச்சைக் குறைத்துக்கொள்ளும்படி எல்லாரையும் கேட்டுக்கொண்டேன்.

எல்லாரும் என்றால் பெரும்பாலும் அவளுடைய தங்கைதான். அடுத்த தெருவில் தையற்கடை வைத்திருக்கிறாள். கழுத்தில் அளவு நாடா தொங்க, கடையிலிருந்து அப்படியே ஓடி வருவாள். "அக்காவைப் பார்க்க டோக்கன் எடுக்கணுமா அத்தான்? இல்ல, நேரா உள்ள போலாமா?" என்று வாசலிலேயே ஆரம்பிப்பாள். நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பேன். அவள் போன பிறகு என் மனைவி நெடுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு புன்னகையோடு படுத்திருப்பாள். அதற்குப் பெயர் களைப்பு என்று நான் கொண்டேன்.

இணைய இணைப்பு மகனுடைய யோசனை. அவன் வெகுதொலைவில் வேறொரு நகரத்தில் இருக்கிறான். பின்கட்டுச் சுவர்கள் கனமானவை. அந்த அறையில் கைபேசிக்கு உயிரே இருக்காது. அதனால் கண்ணாடி இழை வழியாக வரும் அகல இணைப்பை வீட்டுக்கு வாங்கச் சொன்னான். அம்மாவுக்கென்று மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பட்டையொன்றையும் அனுப்பினான். அதிலுள்ள பொத்தானை அழுத்தினால் எங்கள் கைபேசிகள் ஒலிக்கும். எடுத்தால் பட்டையின் வழியாகவே பேசலாம். இணைப்பு இருந்தால் அதில் ஒரு சிறு விளக்கு பச்சையாக எரியும். நான் மறுக்கவில்லை. நான் குளிக்கப் போகும் நேரத்தில் அவளுக்கு மூச்சு முட்டினால் என்ன செய்வது என்ற அச்சம் எனக்கும் இருந்தது.

இணைப்புக் கொடுக்க வந்தவர் பருத்த மீசைக்காரர். வேலை செய்யும்போது ஏதோ ஒரு மெட்டை மூக்கால் முனகிக்கொண்டே இருந்தார். கம்பத்திலிருந்து வந்த கருப்புக் கம்பியை உரித்து, உள்ளே இருந்த இழையைக் காட்டினார். தலைமயிரை விட மெல்லியது. ஒளி அதற்குள் ஓடுகிறது என்றார். கூர்மையாக மடக்கினால் இறந்துவிடும், வளைவாகக் கொண்டுபோக வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. அதன் பிறகு ரூட்டருக்கு இடம் பார்க்க வீடு முழுவதும் நடந்தார். மாடிப்படிக்குக் கீழே எங்கள் பீரோ நிற்கிறது. கல்யாணத்தில் வந்தது, கனத்த இரும்பு, கதவு முழுவதும் கண்ணாடி. அதன் பின்புறம் வைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாமல் அடக்கமாக இருக்குமே என்று நான்தான் கேட்டேன்.

"அங்க மட்டும் வேணாம் சார். இது விளக்கு மாதிரி. நடுவுல வெச்சா வீட்டுக்கே வெளிச்சம். பீரோவுக்குப் பின்னாடி வெச்சா, பீரோவோட முதுகுக்குத்தான் வெளிச்சம். இரும்பும் கண்ணாடியும் சேர்ந்து நிக்குது பாருங்க, அதோட நிழல் நேரா அம்மா ரூம்ல போய் விழும்."

கூடத்தின் நடுவில் இருந்த தட்டுத்தான் சரியான இடம் என்று அவர் முடிவு செய்தார். அந்தத் தட்டில் என் நூல்கள் இருந்தன. நான் திருத்திப் பதிப்பித்தவை. பின்கட்டிலிருந்து என் மனைவி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அந்தப் புஸ்தகத்தை நகர்த்துங்க பார்ப்போம். நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேந்து முயற்சி பண்றேன்."

மீசைக்காரர் சிரித்தார். அவள் சிரித்தாள், இருமினாள். நான் நூல்களை எடுத்து மாடியில் அடுக்கிவிட்டு, அந்த இடத்தை ரூட்டருக்குக் கொடுத்தேன். அவளுக்காகக் கொடுத்தேன். கொம்புபோல் இரண்டு நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப் பெட்டி அது. வைத்த அன்று பார்க்கக் கூச்சமாக இருந்தது. மீசைக்காரர் கைபேசியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அறையாக நடந்து, இணைப்பின் வலுவைக் காட்டும் கோடுகளைப் பார்த்தார். அவள் கட்டிலருகிலும் கோடுகள் நிறைந்திருந்தன. போகும்போது மிச்சமிருந்த இழையை வெட்டாமல், தட்டுக்கு அடியில் வளையமாகச் சுற்றி வைத்தார். பின்னால் இடம் மாற்ற வேண்டுமென்று தோன்றினால் உதவும் என்றார்.

அன்று மாலை மகன் தொலைவிலிருந்தே பட்டையை ஆயத்தம் செய்தான். அவள் அழுத்தினாள். என் கைபேசியும் அவள் தங்கையின் கைபேசியும் மகனுடையதும் ஒருசேர ஒலித்தன. மணிக்கட்டிலிருந்து மகன் குரல் வந்தது. "ஒரு தட்டு தட்டினா ஊரே ஓடி வருதே" என்று அவள் வியந்தாள். நான் ஒருவனே வந்துகொண்டிருந்த இடத்துக்கு இப்போது மூவர் வருவார்கள் என்று எனக்குப் பட்டது. அதை நான் பொருட்படுத்தவில்லை.

பொருட்படுத்தத் தொடங்கியது பாடல்களால். நோய் வந்த நாள் முதல் காலையில் அவள் தலைமாட்டில் அமர்ந்து பதிகம் ஓதுவது என் வழக்கம். எனக்கு இசைப்பயிற்சி கிடையாது. சொல் சுத்தமாக இருக்கும். அவள் கண்மூடிக் கேட்பாள். இணைப்பு வந்த சில நாட்களில், நான் ஓதப் போனபோது, மகன் அனுப்பிய கையகலத் தொடுதிரைப் பலகையில் அதே பதிகம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவருடைய குரல். இனிமையான குரல்தான். மூன்றாம் அடியில் பாடம் பிழை. நான் பல்லாண்டுகளுக்கு முன்பே திருத்திப் பதிப்பித்த இடம் அது. நான் அதைச் சுட்டிக்காட்டினேன். "பரவாயில்லைங்க, கேக்க நல்லாயிருக்கு" என்றாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்திருந்தது. எனக்காக அவள் ஒருநாளும் அப்படி அழுததில்லை.

பிறகு வாய்ப்பேச்சு. நான் உள்ளே போனால் அவள் குரல் தாழும். வெளியே வந்தால் உயரும். ஒரு வீட்டில் உள்ளவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நீங்களும் குடும்பம் உள்ளவர்தானே.

வெந்நீர் எடுத்துக்கொண்டு போன ஒரு காலையில், கதவருகே நின்றேன். பலகையில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் மகன், மற்றொன்றில் கடையில் இருந்தபடியே அவள் தங்கை. பேச்சு தெளிவாகக் கேட்டது. நல்ல இணைப்பு.

"நான் உன்கிட்ட வந்துடறேன்பா. கொஞ்ச நாள்னு சொல்லிட்டு வரேன், அப்புறம் பார்த்துக்கலாம். இங்க ஜன்னலைத் திறந்து பார்த்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா? அவர் நல்லாத்தான் பார்த்துக்கறார். அதான் கஷ்டமே. தும்மறதுக்குக்கூட அவர்கிட்ட கேக்கணும்."

"அப்பாகிட்ட நான் பேசவாம்மா?"

"வேணாம். பெட்டி கட்டின அப்புறம் நானே சொல்லிக்கறேன்."

"சொன்னா அத்தான் கூடவே மூச்சையும் எண்ணிக் கொடுத்து அனுப்புவாரு" என்றாள் தங்கை.

மூவரும் சிரித்தார்கள். என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்கு இருமல் வரவில்லை. அதை நான் கவனித்தேன்.

உள்ளே போய் வெந்நீரைக் கொடுத்தேன். பலகையைக் கவிழ்த்துவிட்டு, அங்கே மழையாம் என்றாள். அப்படியா என்றேன். கிண்ணத்தை அவள் இரு கையாலும் ஏந்திக் குடித்து முடிக்கும்வரை நின்றிருந்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த இழையை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நான். என் நூல்களை அகற்றி அதற்கு ஆசனம் கொடுத்தவன் நான். அவள் உயிருக்குக் காவலாக நான் இட்ட கயிற்றைப் பிடித்தே அவளை என்னிடமிருந்து இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்றால், என் இடத்தில் இருந்து எண்ணிப் பாருங்கள். இரண்டகம் என்ற சொல்லை நான் நூல்களில் எத்தனையோ முறை கடந்து வந்திருக்கிறேன். அதற்கு இத்தனை சாந்தமான முகம் இருக்குமென்று தெரியாது.

மறுநாள் அவள் கண்ணயர்ந்த வேளையில் ரூட்டரை எடுத்தேன். தட்டின் கீழிருந்த வளையத்தைப் பிரித்தேன். சுவரோரமாக, ஒவ்வொரு திருப்பத்திலும் மடங்காமல் வளைவு கொடுத்து, மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோய், பீரோவின் முதுகுக்குப் பின்னால் வைத்தேன். விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிந்தன. பிறகு மீசைக்காரர் நடந்தது போலவே கைபேசியைப் பிடித்துக்கொண்டு வீடெங்கும் நடந்தேன். கூடத்தில் கோடுகள் நிறைந்திருந்தன. சமையலறையிலும் குறைவில்லை. பின்கட்டு வாசற்படியில் ஒரே கோடு. கட்டிலருகே அதுவும் இல்லை. அவர் கணிப்புச் சரியாக இருந்தது. பீரோவின் நிழல் அவள்மேல் போர்வைபோல் விழுந்திருந்தது.

கூடத்துத் தட்டில் என் நூல்களைத் திரும்ப அடுக்கினேன்.

பேச்சை நிறுத்துவது மட்டுமே என் நோக்கம் என்றும், பட்டையைப் பற்றி அப்போது நினைவே வரவில்லை என்றும் முதல் வாக்குமூலத்தில் சொன்னேன். அந்த இடத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். நினைவு வந்தது. கட்டிலருகே கோடு இல்லாததைப் பார்த்த அடுத்த கணம் என் பார்வை போனது அவள் மணிக்கட்டுக்குத்தான். பச்சை போய் மஞ்சள் வந்திருந்தது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் போர்வையை இழுத்து அந்தக் கையை மூடிவிட்டேன்.

விழித்ததும் அவளே பார்த்தாள். "ஏங்க, இது பச்சையாத்தானே இருக்கும்? இப்ப ஏன் மஞ்சளா இருக்கு?"

"மஞ்சள்னா ஓய்வுல இருக்குன்னு அர்த்தம். அழுத்தினா வேலை செய்யும்."

"நீங்க சொன்னா சரி" என்றாள்.

பாருங்கள், அப்போதும் அவள் என்னை நம்பினாள். நம்பிக்கொண்டே பெட்டி கட்ட எண்ணியிருந்தாள். இவை இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருந்தன என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பலகை ஓடவில்லை என்று அவள் குறைப்பட்டாள். தெருவில் எங்கோ பழுது, சரிசெய்கிறார்கள் என்றேன். அவள் தங்கை வந்து தானும் தட்டிப் பார்த்தாள். "உங்க வீட்டு இன்டர்நெட்டும் உங்களை மாதிரியே இருக்கு அத்தான். கூடத்துல நல்லா இருக்கு, அக்கா பக்கத்துல வந்தா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குது" என்றாள். ரூட்டர் எங்கே என்று கேட்டாள். தட்டில் தூசியும் சூடும் அதிகம், பெட்டி கெட்டுவிடும் என்று மாற்றி வைத்ததாகச் சொன்னேன். அந்த மீசைக்காரரைக் கூப்பிடச் சொன்னாள். சொல்கிறேன் என்றேன். அவரே ஒருநாள் கைபேசியில் அழைத்தார். எல்லாம் நன்றாக இருக்கிறதா, இருந்தால் நாலு பேர் பார்க்க ஒரு நல்ல வார்த்தை போடுங்கள் என்றார். போட்டேன். நட்சத்திரங்களையும் முழுமையாகக் கொடுத்தேன். அவர் வேலையில் குறையில்லை. அதை மறைப்பது நேர்மையாகாது.

மகன் என்னை அழைத்து, பட்டை இணைப்பில் இல்லையென்று காட்டுகிறதே என்று கேட்டான். மின்னேற்றத்தில் போட்டிருக்கிறேன் என்றேன். அம்மாவிடம் கொடுங்கள் என்றான். தூங்குகிறாள் என்றேன்.

இதையெல்லாம் கேட்டு, நான் அவள் சாவை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்ததாக நீங்கள் முடிவு கட்டலாம். அப்படியில்லை. நான் அவள் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லை எதிர்பார்த்திருந்தேன். பதிகம் ஓதி முடித்ததும் காலைதோறும் கேட்பேன்: "என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" அவள் சற்று யோசிப்பாள். நான் அந்த யோசனையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "ஒண்ணுமில்லையே" என்பாள். போகப் போகிறேன் என்று ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால், நான் எழுந்து போய் நூல்களை இறக்கிவிட்டு ரூட்டரை நடுவில் வைத்திருப்பேன். அவள் உயிர் அவள் நாவில்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் அந்த வாய்ப்பைக் கொடுத்தேன். இதைவிட நியாயமாக ஒரு மனிதன் எப்படி நடந்துகொள்ள முடியும்?

அன்று நண்பகல். வெயில் நன்றாக அடித்தது. நான் மாடிப்படிக்குக் கீழே பீரோவின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கண்ணாடியில் பின்கட்டின் திறந்த கதவும், அதற்குள் அவள் கட்டிலும் தெரியும். அது தற்செயல் என்று சென்ற முறை சொன்னேன். அதையும் திருத்துங்கள். நான் அந்தக் கண்ணாடியைத் தினமும் துடைத்தேன்.

முதலில் அவள் எழுந்து உட்கார முயன்றாள். தோள்கள் ஏறி இறங்கின. அந்த அசைவு எனக்கு நன்கு பழக்கம். முகமூடி தலைமாட்டு ஆணியில் தொங்கியது. அவள் கை அதுவரை போய், பிடிக்க முடியாமல் விழுந்தது. பிறகு இடக்கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, வலக்கைக் கட்டைவிரலால் பட்டையை அழுத்தினாள். மணிக்கட்டைப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள். என் கைபேசி சட்டைப்பையில் இருந்தது. அது ஒலிக்கவில்லை.

நான் எட்டிப் போகக்கூடிய தொலைவில்தான் நின்றேன். எத்தனையோ முறை அந்தத் தொலைவை ஓடிக் கடந்திருக்கிறேன். என் கால்கள் ஓடத்தான் முனைந்தன. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அவள் என்னை அழைக்கவில்லை. வாய் திறந்து என்னைக் கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். அவளோ அந்தப் பட்டையை அழுத்திக்கொண்டிருந்தாள். யாரோடு சேர்ந்து சிரித்தாளோ, அவர்களை அழைக்கிறாள் என்று எண்ணினேன். சரி, அவர்களே வரட்டும் என்று துணியை மடித்துக்கொண்டு நின்றேன்.

யாரும் வரவில்லை. மூச்சு முட்டும்போது அவளால் குரல் எழுப்ப முடியாது என்பது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். என்னை விட நன்றாக அதை அறிந்தவர் எவருமில்லை.

கட்டைவிரல் நின்ற பிறகும் சிறிது நேரம் கண்ணாடியைப் பார்த்திருந்தேன். பிறகு உள்ளே போய் அவள் கண்களை மூடினேன். புடவைத் தலைப்பைச் சரிசெய்தேன். ஜன்னலைத் திறந்தேன். அவள் விரும்பியதுதானே.

அடுத்து நான் செய்ததைத்தான் பிழை என்று உங்கள் துறையினர் எல்லாரும் பேசிக்கொள்கிறார்களாம். நூல்களை இறக்கினேன். ரூட்டரைப் பீரோவின் பின்னாலிருந்து எடுத்து, இழையை மறுபடி வளையமாகச் சுற்றி, கூடத்துத் தட்டின் நடுவில் வைத்தேன். கண்ணாடி பார்த்துத் திருத்துவது போல் கொம்புகளை நேராக நிமிர்த்தினேன். தடயத்தை மறைக்கும் எண்ணம் அதில் இல்லை. பலர் வருவார்கள், செய்தி சொல்ல வேண்டும், அவர்களுக்கு இணைப்பு வேண்டும். அத்தோடு, அது இருக்க வேண்டிய இடம் அதுதான். இடம் பெயர்ந்த ஒன்றை அப்படியே விட்டுவிட்டு நகர என்னால் முடியாது. விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய நேரமாகும். அவை எரிவதற்குள் அவள் தங்கைக்குச் செய்தி சொன்னேன்.

நாடாவோடு ஓடி வந்தாள். வாசலில் எதுவும் பேசவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அக்காவின் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். மகனுக்கு நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. எந்தச் சொல்லால் தொடங்குவது என்று யோசித்தபடி கதவருகில் நின்றேன். அப்போது போர்வைமேல் கிடந்த மணிக்கட்டில் மஞ்சள் அணைந்து பச்சை வந்தது.

இணைப்பு இல்லாத வேளையில் அழுத்தியதை அந்தப் பட்டை மறப்பதில்லையாம். உள்ளேயே வைத்திருந்து, வழி கிடைத்ததும் அழைக்குமாம். இதை மீசைக்காரர் சொல்லவில்லை. அது அவர் பொருளன்று. மகனும் சொல்லவில்லை.

என் சட்டைப்பை ஒலித்தது. எடுத்துப் பார்த்தேன். 'அம்மா' என்று இருந்தது. மகன் அப்படிப் பதிந்து வைத்திருந்தான். நான் தொடவில்லை. அது ஒலித்து ஓய்ந்தது. பிறகு அவள் தங்கையின் மடியில் கிடந்த கைபேசி ஒலித்தது. அதைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அத்தான், அக்கா கூப்பிடறா" என்றாள்.

வழக்கமான குரலிலேயே சொன்னாள். அவள் கைபேசியும் ஓய்ந்தது. அதற்குப் பின் எங்கள் வீட்டில் எதுவும் ஒலிக்கவில்லை. சற்றைக்கெல்லாம் என் மனைவியின் மணிக்கட்டிலிருந்து மகனுடைய குரல் வந்தது.

"அம்மா? சொல்லும்மா. என்னம்மா பண்ணுது? அப்பா எங்கம்மா?"

அவன் மறுபடி மறுபடி அதையே கேட்டான். பதில் சொல்ல வேண்டியவன் நான் என்று தோன்றிற்று. ஆனால் அவன் அவளிடம் அல்லவா கேட்டான். தங்கை எழுந்து கூடத்துக்குப் போனாள். தரையில் கிடந்த நூல்களையும், தட்டில் இருந்த ரூட்டரையும், மாடிப்படியிலிருந்து அதுவரை தூசியில் பதிந்திருந்த இழையின் தடத்தையும் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உங்களைத்தான் அழைத்தாள்.

தட்டச்சு செய்ததைக் கொடுங்கள், படித்துப் பார்க்கிறேன். 'கொலை' என்று இட்டிருக்கிறீர்கள். நான் அந்தச் சொல்லை அடிக்கப் போவதில்லை. முகமூடியை மாட்ட நான் மட்டுமே இருந்தேன்; மாட்டவில்லை; அவள் அழைத்தால் எவருக்கும் எட்டாதபடி முன்னதாகவே செய்துவைத்திருந்தேன். அதற்கு வேறு சொல் கிடையாது. கையொப்பம் இடுகிறேன்.

ஒன்று மட்டும் என் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது. முதல் நாள் சோதித்தபோது மூன்று கைபேசிகளும் ஒருசேர ஒலித்தன. அன்று ஏன் என்னுடையது மட்டும் முதலில் ஒலித்தது? பழுதென்று எண்ணியிருந்தேன். பழுதில்லை, மகன் சொன்னான் என்று நேற்று நீங்கள் தெரிவித்தீர்கள். நான் ரூட்டரை மாற்றுவதற்கு முன்பே, அவள் அவனிடம் கேட்டு அந்த ஒழுங்கை மாற்றச் செய்திருக்கிறாள். அழுத்தினால் முதலில் எனக்கு மட்டும் வர வேண்டும். நான் எடுக்காவிட்டால்தான் மற்றவர்களுக்குப் போக வேண்டும். வேறு யாராவது எனக்கு முன்னால் வந்து நின்றால் எனக்கு மனம் நோகும் என்று சொன்னாளாம்.

அப்படியானால் அன்று கண்ணாடியில் நான் பார்த்தது, அவள் என்னைத்தான் அழைத்தது.

அதை அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எதையுமே என்னிடம் மறைத்துத்தான் அவளுக்குப் பழக்கம்.